இரண்டாம் வரிசையில் வைத்த ஸ்பீக்கர்

1. அரை நிமிஷம்

பாட்டு ஆரம்பித்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எஸ்தர் டீச்சர் கையைத் தூக்கி, "போதும் தம்பி, நிறுத்திடுங்க" என்றார். நிறுத்தினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் அறையில் மிஞ்சியது.

அவருடைய கணவர் ஜெயசீலன் சார் என்னைப் பார்த்தார். நான் ஆம்பிளிஃபயரைப் பார்த்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. நான் மாட்டிய ஸ்பீக்கரை இவ்வளவு சீக்கிரம் நிறுத்தச் சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நோயாளி இருக்கும் வீட்டில் கோபத்தைக் காட்ட முடியாது. வயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நல்லா இல்லையா டீச்சர்?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு இவங்கல்லாம்? ஒருத்தரையும் எனக்குத் தெரியலையே."

நான் போட்டது ஏதோ வெளிநாட்டுச் சர்ச்சில் பலர் சேர்ந்து பாடிப் பதிவான கொயர் பாட்டு. என்னிடம் இருக்கும் டெமோ பாட்டுகளிலேயே சுத்தமானது அதுதான். கொயர் கேட்கவேண்டும் என்றார்கள், போட்டேன். கேட்பதற்குப் பாடுகிறவர்களைத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன என்று அன்று நினைத்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். என் பெயர் தணிகாசலம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு, பிறகு கல்யாண மண்டபங்களுக்கும் கோயில்களுக்கும் மைக்செட் கட்டி, கடைசியாக வீடுகளில் ஹோம் ஆடியோ போட்டுக்கொடுக்கும் வேலைக்கு வந்தேன். பெருங்களத்தூரிலும் பள்ளிக்கரணையிலும் அப்பார்ட்மென்ட்கள் முளைக்க முளைக்க எனக்கும் வேலை பெருகியது. எல்லா வாடிக்கையாளரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "நேர்ல கேக்கற மாதிரி இருக்குமா சார்?" நானும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க, மேடை எதிர்ல நிக்கும்." பொய் என்று தெரிந்து சொன்னதில்லை. நம்பித்தான் சொன்னேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு.

எஸ்தர் டீச்சர் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்து ரிட்டயர் ஆனவர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவர்கள் சபையின் சர்ச். அந்தச் சர்ச்சின் கொயரில் நாற்பது வருஷம் ஆல்டோ பாடியிருக்கிறார். நாலு பார்ட்டாகப் பாடும்போது பெண்களில் மேலே பாடுகிறவர்கள் சோப்ரானோ, கீழே பாடுகிறவர்கள் ஆல்டோ; ஆண்களில் அதேபோல் டெனர், பேஸ். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் வியாதி அவருக்கு வந்துவிட்டது. மூக்கில் டியூப் இல்லாமல் இருக்க முடியாது. கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இயேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளி அன்று கீபோர்டை மூடிக் கறுப்புத் துணி போட்டுவிடுவார்கள். மூன்று மணி நேர ஆராதனை முடியும்போது கொயர் ஒரு பாட்டை வெறுங்குரலில் பாடும். நாற்பது வருஷத்தில் டீச்சர் அதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. நான் போனபோது அதற்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கியிருந்தன. பெரிய வெள்ளிக்கு இன்னும் ஐந்து வாரம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நிலையில் டீச்சர் இல்லை. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஜெயசீலன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளால சர்ச்சுக்குப் போக முடியாது தணிகாசலம். சர்ச்சை இங்க கொண்டுவந்துடுங்க. உங்களால முடியும்னு சொன்னாங்க."

முடியும் என்றேன்.

2. மூன்றாவது பெஞ்ச்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைக்குகளோடு அந்தச் சர்ச்சுக்குப் போனேன். கொயர் மாஸ்டர் இம்மானுவேல் லோக்கல் ட்ரெயினில் கார்டு. கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் போய்வந்துகொண்டே இருப்பவர். ஆராதனைக்கு நடுவில்கூட வாட்சைப் பார்ப்பார். நான் விஷயத்தைச் சொன்னதும், "டீச்சருக்காகவா? எங்க வேணும்னாலும் வையுங்க சார்" என்றார்.

கைதட்டிக் கைதட்டிப் பார்த்து, எதிரொலி அளவாக இருக்கும் இடம் மூன்றாவது பெஞ்சின் நடு என்று கண்டுபிடித்தேன். அங்கே கேட்டால் நாலு பார்ட்டும் சமமாக வரும். இரண்டு மைக்கை அங்கே நிறுத்திப் பதிவு செய்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்தேன். இருமல், பெஞ்ச் இழுபடும் சத்தம், ஃபேன் காற்று, விமானப்படை மைதானத்துப் பயிற்சி விமானம், எலக்ட்ரிக் ட்ரெயின் ஹாரன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எங்கள் தொழிலில் பாதி இந்தத் துடைக்கிற வேலைதான்.

டீச்சரின் அறையையும் விடவில்லை. ஆக்ஸிஜன் மிஷினை நீள டியூப் போட்டு நடைக்குத் தள்ளினேன். ஜன்னலுக்குக் கனத்த திரை, தரைக்கு ஜமுக்காளம். கட்டிலில் டீச்சரின் தலை இருக்கும் இடத்தில் அளவெடுக்கும் மைக்கை வைத்து, ஸ்பீக்கர்களின் சத்தம் அங்கே சரியாக வந்து சேர்கிறதா என்று இரண்டு நாள் பார்த்தேன். சர்ச்சே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

இந்தமுறை டீச்சர் நிறுத்தச் சொல்லவில்லை. முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும், "ரேடியோல வர்ற மாதிரி அழகா இருக்கு தம்பி" என்றார். பாராட்டா, கேலியா என்று எனக்குப் புரியவில்லை.

"நீங்க எங்க உக்காந்து எடுத்தீங்க?"

"மூணாவது பெஞ்ச் டீச்சர். அங்கதான் பேலன்ஸ் கரெக்ட்டா இருக்கு."

"அப்படியா?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நான் அங்க உக்காந்ததே இல்லையே."

ஜெயசீலன் சார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறேன். கேட்கிறவர் எப்போதும் எதிரேதான் உட்கார்ந்திருப்பார் என்பதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. இந்த அம்மா நாற்பது வருஷமாகப் பாட்டை உள்ளே நின்று கேட்டவர். அவருக்கு ஒரு பக்கத்திலிருந்து சோப்ரானோ வரும், முதுகுக்குப் பின்னாலிருந்து பேஸ் வரும். எதிரே மேடை என்று அவருக்கு எதுவும் கிடையாது. நான் அவரைக் கொயரிலிருந்து இறக்கி ஜனங்களோடு உட்காரவைத்திருந்தேன்.

3. ஷீலாவின் சளி

சனிக்கிழமை மாலை பெரிய வெள்ளிப் பாட்டுக்குப் பிராக்டிஸ். ஆல்டோக்கள் இரண்டாம் வரிசை. அதில் இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது இடம் டீச்சருடையது. யாரும் அங்கே நிற்கவில்லை. பக்கத்து இடத்தில் ஷீலா. போஸ்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவர், டீச்சரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"அக்கா என் தோளுக்குக் கொஞ்சம் மேல வருவாங்க அண்ணா" என்று கையை வைத்துக் காட்டினார். அந்த உயரத்தில் நாலு திசைக்கும் நாலு மைக் கட்டினேன்.

பதிவு தொழில்முறையில் படுமோசம். ஷீலா காதுக்குள் கத்துகிறார். டெனர் எங்கோ கிணற்றுக்குள் கிடக்கிறது. பக்கம் புரட்டும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம், யாரோ செருப்பைத் தேய்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது. துடைக்கலாம் என்று உட்கார்ந்தபோது டீச்சரிடமிருந்து போன் வந்தது. "ஒண்ணையும் துடைக்காதீங்க தம்பி. அப்படியே கொண்டுவாங்க." ஒரு கெமிஸ்ட்ரி டீச்சருக்கு என் கை எங்கே போகும் என்று தெரிந்திருந்தது.

கட்டிலைச் சுற்றி நாலு ஸ்பீக்கர் வைத்தேன். போட்டேன். முதல் வரி வந்ததும் டீச்சர் தலையணையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இடதுபக்கம் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"ஷீலாவுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார்.

ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன். நேரில் கேட்பதற்கு ஈடாக வீட்டில் கொடுக்க முடியும், மைக்கை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் என்று எல்லாரிடமும் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் டீச்சர் பாட ஆரம்பித்தார்.

அது நான் எதிர்பார்க்காதது. மெல்லிய குரல், ஆனால் சுருதி சுத்தம். ஒரு வரி கொயரோடு போனார். இரண்டாவது வரியின் பாதியில் மூச்சு தீர்ந்தது. அவர் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் ஸ்பீக்கர்கள் மூன்றாவது வரிக்குப் போய்விட்டன. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மறுபடி அதே இடம். மூன்றாவது தடவை இரண்டாவது வரிக்கே வர முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது. ஜெயசீலன் சார் மிஷினில் அளவைக் கூட்ட நடைக்கு ஓடினார்.

மூச்சு சீராவதற்கு நேரம் பிடித்தது. அதுவரை அவர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"ஷீலா பக்கத்துல நின்னா எனக்கு மூச்சு விட்டுப்போச்சுன்னு அவளுக்குத் தெரியும். அவ லைனைப் பிடிச்சுப்பா, நான் வந்து சேந்துப்பேன். இங்க அவ குரல் இருக்கு. ஆனா நான் இங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியாதே."

எந்த ஸ்பீக்கருக்கும் காது கிடையாது.

"கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் கொறையில்ல தம்பி. நான் கேக்கணும்னு ஆசைப்படல. அவங்களோட பாடணும். அவ்வளவுதான்."

அப்போதுதான் இந்த வேலை என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது.

4. இன்னொண்ணு இல்லை

"வீடியோ கால் போட்டா?" என்று ஜெயசீலன் சார் கேட்டார். போன் வழியாகப் போகும் சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச்சேரும், பேச்சுக்கு அது தெரியாது, பாட்டுக்குத் தெரியும் என்றேன். அவர் நம்பவில்லை. இம்மானுவேலைக் கூப்பிட்டுத் தாளமாகக் கைதட்டச் சொன்னார். இங்கே டீச்சர் அதோடு சேர்ந்து தட்டினார். இம்மானுவேல் போனில் சிரித்தார். "டீச்சர் பின்னாடியே ஓடியாறாங்க சார், புடிக்கவே மாட்டேன்றாங்க." டீச்சருக்கோ எல்லாம் சேர்ந்துதான் கேட்டது. அத்தோடு அந்த யோசனை போனது.

மறுநாள் டீச்சரே ஒரு வழி சொன்னார். "என்னைப் பதிவு பண்ணிக்கோங்க. கொயர்ல என் எடத்துல வையுங்க. நான் அவங்க பின்னாடி ஓட முடியாது. அவங்க என்னோட வரட்டும்."

தொழில் தெரிந்தவனாக நான் மறுத்தேன். தாளம் நிற்காது, பதிவு யாருக்காகவும் வளைந்து கொடுக்காது, முப்பது பேர் அதைத் துரத்திக்கொண்டு பாட முடியாது, பெரிய வெள்ளி ஆராதனை அசிங்கப்பட்டுப்போகும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இம்மானுவேல் கிட்ட கேளுங்க" என்றார். இம்மானுவேல் சர்ச்சின் ஆயரிடம் கேட்டார். வெளியே அறிவிக்கக் கூடாது, யாருடைய பரிதாபத்துக்கும் ஆராதனையில் இடமில்லை என்ற நிபந்தனையோடு ஆயர் சம்மதித்தார்.

பதிவு செய்த அன்று மதியம் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டோம். பங்குனி வெயிலில் மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. மிஷினை மட்டும் நிறுத்த முடியாது. டீச்சர் போனில் ஒரு ஆப்பில் முதல் சுரத்தைத் தட்டிக் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாடினார். மூன்று சொல், ஒரு மூச்சு. நாலு சொல், ஒரு மூச்சு. சில இடங்களில் இரண்டே சொல். நாலு சரணத்தையும் அப்படியே கடந்தார். கடைசிச் சரணத்தின் கடைசி வரியில் பாதியில் நின்றார். முடியவில்லை போலிருக்கிறது என்று நான் பட்டனை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். பொறு என்று விரலைக் காட்டினார். மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பிறகு மீதிச் சொற்களைப் பாடி முடித்தார். கம்ப்யூட்டர் திரையில் அந்த இடைவெளியை அளந்து பார்த்தேன். பதினாறு விநாடி. பாட்டில் அது ஒரு யுகம்.

"இன்னொரு டேக் போலாமா டீச்சர்? அந்தக் கடைசி வரி மட்டும்?"

"இன்னொண்ணு என்கிட்ட இல்ல தம்பி" என்றார்.

அதற்குமேல் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் இந்தக் குறிப்பு எழுதுவதில் அர்த்தமில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுநாள் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினேன். மிஷின் சத்தத்தை எடுத்தேன். மூச்சுகளை வெட்டினேன். இடைவெளிகளைச் சுருக்கி வரிகளை ஒட்டினேன். பதினாறு விநாடியையும் எடுத்துவிட்டேன். பாட்டு தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. கேட்டால் நாற்பது வயதுப் பெண்ணின் குரல். டீச்சருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒன்றையும் துடைக்காதீர்கள் என்று அவர் முன்பு சொன்னது அந்தப் பழைய பதிவுக்கு மட்டும்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5. மூச்சு எங்கே?

பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை மாலை கடைசி பிராக்டிஸ். இரண்டாம் வரிசையில் மூன்றாவது இடத்தில் ஸ்டாண்டு போட்டு, வாய் உயரத்துக்குச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்தேன். சத்தத்தை ஒரு ஆள் பாடும் அளவுக்குமேல் ஏற்றவில்லை. ஓடவிட்டேன். கொயர் சேர்ந்துகொண்டது. ஒரு பிசிறு இல்லை. நான் இம்மானுவேலைப் பெருமையாகப் பார்த்தேன்.

இரண்டாவது சரணத்தில் ஷீலா பாடுவதை நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்து மற்ற ஆல்டோக்களும் நிறுத்தினார்கள். ஸ்பீக்கர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டே போனது. நான்தான் ஓடிப்போய் அதை அணைத்தேன்.

"இது எங்க அக்கா கெடையாது அண்ணா" என்றார் ஷீலா. கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவார் போலிருந்தது. "அக்கா எங்க மூச்சு விடறாங்க? எனக்குத் தெரியவே இல்லையே. நான் எங்க பிடிக்கறது?"

இம்மானுவேல் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், ஆல்டோ மொத்தமே அஞ்சு பேரு. அஞ்சு பேரும் ஒரே நேரத்துல மூச்சு வாங்குனா லைன் அறுந்துரும். அதனால மாத்தி மாத்தித்தான் எடுப்பாங்க. நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கறதில்ல. பக்கத்துல கீறவங்க மூச்சு சத்தம் காதுல வுழும், இவங்க இழுத்துப் புடிச்சுக்குவாங்க. நீங்க அத்தையே தொடச்சி எடுத்துக்கினு வந்துட்டீங்களே, இன்னா சார் பண்றது?"

மூஞ்சியில் அறைந்ததுபோல் இருந்தது. முப்பது வருஷமாக எந்தப் பாட்டிலும் முதலில் நான் எடுத்துப் போடுவது மூச்சுச் சத்தத்தைத்தான். பாடகர்களே கேட்டு எடுக்கச் சொல்வார்கள். அது குப்பை என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நாலு பேருக்கு அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் குப்பையை வைத்துத்தான் இவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு பாடுகிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

நல்லவேளையாக மூலப் பதிவை அழிக்கவில்லை. அதைப் போட்டேன். முதலில் மிஷினின் உறுமல், பிறகு மூச்சு, பிறகு குரல். முதல் தடவை கொயர் சிதறிப்போனது. பாதிப்பேர் இம்மானுவேலின் கையைப் பார்த்தார்கள், பாதிப்பேர் ஸ்பீக்கரைக் கேட்டார்கள். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை இம்மானுவேல் கையைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கினார்.

"நான் கை காட்டல. டீச்சரைக் கேட்டுப் பாடுங்க."

மெதுவாகச் சேர்ந்தது. டீச்சரின் மூச்சு அறுந்த இடத்தில் ஷீலா பிடித்தார். ஷீலா மூச்சு வாங்கும்போது அடுத்தவர் பிடித்தார். அவர்களைக் கேட்டு சோப்ரானோவும் டெனரும் பேஸும் இழுத்தும் தாழ்ந்தும் கூடவே வந்தார்கள். பதிவு யாருக்காகவும் வளையாது என்று நான் சொன்னது சரிதான். ஆனால் வளைவதற்கு முப்பது பேர் இருந்தார்கள். கடைசி வரியில் மட்டும் எல்லாரும் தடுமாறி முன்னால் போய்விட்டார்கள். அதைத் திரும்பப் பார்க்க நேரமில்லை. இம்மானுவேல் டியூட்டிக்குப் போகவேண்டியிருந்தது.

6. பெரிய வெள்ளி

பெரிய வெள்ளி அன்று நான் தூணுக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். டீச்சரின் இடத்திலேயே ஒரு மைக்கும் வைத்து, அதை போன் வழியாக அவர் வீட்டு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பியிருந்தேன். கேட்பதற்கு மட்டும் என்றால் தாமதம் ஒன்றும் செய்யாது. சர்ச் நிரம்பி வழிந்தது. ஸ்பீக்கரைக் கவனித்தவர்கள் அது ஏதோ மைக்செட் சமாசாரம் என்று நினைத்திருப்பார்கள்.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் கடைசியானதன் பிரசங்கம் முடிந்ததும் கொயர் எழுந்து நின்றது. ஃபேன்களை நிறுத்தினார்கள். நான் பட்டனை அழுத்தினேன்.

முதல் மூன்று சரணங்கள் டீச்சரின் மூச்சோடு சேர்ந்தே போயின. நான் அதுவரை எத்தனையோ கச்சேரிக்கு மைக் கட்டியிருக்கிறேன். இத்தனை பேர் ஒரே ஆளை இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடைசிச் சரணத்தின் கடைசி வரி வந்தது. டீச்சர் பாதியில் நின்றார். புதன்கிழமை எல்லாரும் தாண்டிப் போன இடம். அன்று யாரும் போகவில்லை. இம்மானுவேல் கையை அசைக்கவில்லை. முப்பது பேரும் அந்தச் சொல்லில் நிறுத்திவிட்டு நின்றார்கள். சர்ச் முழுக்க ஆக்ஸிஜன் மிஷினின் சத்தம் மட்டும் கேட்டது. ஜனங்கள் தலைதூக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். என் விரல் தானாக வால்யூம் பக்கம் போனது, அந்த உறுமலைக் குறைக்க. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். டீச்சர் மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். ஷீலா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சர் பாடினார். முப்பது பேரும் அவரோடு சேர்ந்து மீதிச் சொற்களைப் பாடி முடித்தார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஜெயசீலன் சாரின் போன். "என்னால பேச முடியல, அவ பேசறா" என்று கொடுத்துவிட்டார்.

"அவ்ளோ நேரமா நின்னேன்?" என்றார் டீச்சர். "ஒருத்தர்கூட முன்னாடி போகல பாத்தீங்களா தம்பி? இம்மானுவேல் சொந்த மாமியார் வந்தாலும் ட்ரெயினை ஒரு செகண்டு நிறுத்த மாட்டான்."

சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது. நான் மரத்தடியில் நின்றுகொண்டு அந்த இருமல் அடங்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

7. அடுத்த வருஷம்

அந்த ஐப்பசி மழையில் டீச்சர் இறந்துபோனார். அடுத்த லெந்து நாட்களில் ஜெயசீலன் சார் என்னைக் கூப்பிட்டு, பதிவு என்னிடம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இந்த வருஷமும் அவள் பாடட்டும் என்றார். அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் இம்மானுவேலிடம் போய்க் கேட்டேன்.

அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "வேணாம் சார். போன வருசம் டீச்சர் வூட்ல கேட்டுக்கினு இருந்தாங்க. நாங்க நின்னது அவங்களுக்குத் தெரியும். இப்ப யாருக்காண்டி நிக்கறது? சார் கிட்ட நானே சொல்லிக்கறேன்."

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். வாடிக்கையாளர் பாட்டின் எந்தப் பக்கத்தில் நின்றவர் என்று கேட்காமல் ஸ்பீக்கருக்கு இடம் குறிக்காதீர்கள். எதையாவது துடைப்பதற்குமுன் அது யாருக்குப் பயன்படுகிறது என்று விசாரியுங்கள். நேரில் கேட்பதுபோல் இருக்குமா என்று கேட்டால், சத்தத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட இருக்கும் என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவர்கள் உங்களையும் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் அதில் வராது. அதற்கு ஆட்கள் வேண்டும், அவர்கள் உயிரோடு இருக்கவேண்டும். நாம் விற்கும் எந்தப் பெட்டிக்குள்ளும் அது இல்லை.

அந்தப் பெரிய வெள்ளிக்கு நான் மைக் இல்லாமல், லேப்டாப் இல்லாமல் போனேன். ஜெயசீலன் சார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாம் வரிசையில் ஷீலா இடம் மாறி மூன்றாவதாக நின்றார். கொயர் இம்மானுவேலின் கையைப் பார்த்துப் பாடியது. கடைசி வரியின் அந்த இடம் வந்தது. ஒருவரும் நிற்கவில்லை. ஒரே மூச்சில் தாண்டிப் போய்ப் பாடி முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயசீலன் சாரும் நானும் மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடிந்துபோன பாட்டில் இன்னும் அந்த இடத்திலேயே இருந்தோம்.